குணசுந்தரி கேட்ட சம்பளம்

ஆரம்பாக்கத்தில் நெடுஞ்சாலை ஓரமாகக் காலையில் ஒரு பஸ் வந்து நிற்கும். கண்ணாடி எல்லாம் மூடி, உள்ளே ஏசி போட்டு, சீட்டுக்குச் சீட்டு வெள்ளைத் துணி மாட்டியிருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பம்பு செய்கிற ஒரு பெரிய கம்பெனியின் ஸ்டாஃப் பஸ் அது. குணசுந்தரி தினமும் அதைத் தாண்டித்தான் ரயிலுக்கு ஓடுவாள். ஓடுகிற அவசரத்திலும் கழுத்து மட்டும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் ஒரு சீட்டு. அதில் ஒருநாள் உட்கார வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

ஒரு பஸ் சீட்டுக்கா இந்த ஏக்கம் என்று யாரும் சிரிக்க வேண்டாம். சிரிப்பவர்கள் சூலூர்பேட்டையிலிருந்து வருகிற காலை வண்டியில் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும். கதவோரம் ஒற்றைக் காலில் நின்று, அடுத்தவர் டிபன் பாக்ஸ் விலாவில் குத்த, கும்மிடிப்பூண்டியில் இறங்குவதற்குள் இஸ்திரி போட்ட சுடிதார் கந்தலாகிவிடும். அப்புறம் ஷேர் ஆட்டோ. அப்புறம் கம்பெனி கேட்டில் வரிசை. குணசுந்தரி பி.இ. மெக்கானிக்கல். வேலை பார்ப்பது ஓர் இரும்பு வார்ப்பு ஃபேக்டரியில். அங்கே அவளுக்குக் குவாலிட்டி இன்ஜினியர் என்று பேர். பேர் பெரிய பேர்தான். சம்பளத்தைச் சொன்னால் மெஷினில் நிற்கிற ஐ.டி.ஐ. ஆபரேட்டர்கூட, "அவ்ளோதானாக்கா?" என்று வாயில் கை வைப்பார்.

மார்க் குறைவா? இல்லை. வேலையில் மந்தமா? அதுவும் இல்லை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. அதைப் பார்க்க அவள் அப்பாவின் களத்துக்குப் போக வேண்டும்.

அப்பா பரசுராமன். சொந்தமாக இரண்டு ஏக்கர் நஞ்சை. ஆந்திரா எல்லை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் அந்த வீட்டில் அப்பாவுக்கு நைனா என்றுதான் பேர். அறுப்பு முடிந்து நெல் களத்தில் குவிந்ததும் வியாபாரி வருவார். அவர் இன்னும் நெல்லைக் கையில்கூட அள்ளியிருக்க மாட்டார். அதற்குள் பரசுராமன் முந்திக்கொண்டு, "கொஞ்சம் ஈரமாத்தான் கீதுங்க. மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிச்சுக்கோங்க" என்பார். என்ன விலை போடட்டும் என்று கேட்டால், "நீங்க பாத்துப் போட்டுக் குடுங்க" என்பார். வியாபாரியும் பார்ப்பார், போடுவார், கொடுப்பார். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. கழித்துக்கொள்ளச் சொன்னதைக் கழித்துக்கொண்டார், அவ்வளவுதான். நெல் என்னவோ கலகலவென்று காய்ந்துதான் கிடக்கும்.

இதில் பரசுராமனுக்கு ஒரு பெருமையும் உண்டு. "அந்த மனுசன் வாயத் தொறந்து ஒரு விலை கேட்டு நான் பாத்ததில்லப்பா" என்று யாராவது சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு சந்தோஷப்படுவார். அந்த ஊரில் அதற்கு மதிப்பு இருந்தது. அவர் விட்டுக்கொடுத்ததை நினைத்துத்தான் அவர் வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் ஊரே வந்து நின்றது. ஆனால், எனக்கு இவ்வளவு வேண்டும் என்று கேட்பது மட்டும் அந்த வீட்டில் கெட்ட வார்த்தை பேசுவதற்குச் சமம். குணசுந்தரி அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவள்.

திருவள்ளூரைத் தாண்டித் திருப்பாச்சூர் போகிற பக்கம் ஓர் இன்ஜினியரிங் காலேஜில் அவளுக்கு இடம் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஹாஸ்டலில் ஒரே அறையில் சேர்ந்தவள் ஜுவைரியா, பழவேற்காட்டுப் பெண். அவளுடைய வாப்பா தமீம் அன்சாரி, இறால் வாங்கி ஐஸ் போட்டு வெளியூர் அனுப்புகிற வியாபாரி. பொன்னேரியில் ஒரு ஜவுளிக்கடையும் உண்டு. இரண்டு பெண்களுக்கும் ஒரே பெஞ்சு, ஒரே மெஸ், ஒரே தலைவலி. மார்க்கில் மட்டும் குணசுந்தரி எப்போதும் ஒரு படி மேலே. தெர்மோடைனமிக்ஸ் பரீட்சைக்கு முன்னால் ஜுவைரியாவைப் பிடித்து உட்காரவைத்துக் கரையேற்றியதே இவள்தான்.

ஒரு பெருநாளுக்கு ஜுவைரியா அவளைப் பழவேற்காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் குணசுந்தரி அசந்துபோனாள். பிரியாணியைப் பார்த்து அல்ல. அந்த வீட்டில் காசைப் பற்றிச் சத்தமாகப் பேசினார்கள்!

"நேத்து அந்த ஏஜென்ட் எவ்ளோக்கு வந்தான் வாப்பா?" என்று ஜுவைரியா கேட்டாள்.

"கேக்கற மாதிரியா கேட்டான்? நான் இன்னும் ஏத்திச் சொல்லிட்டேன்."

"அவ்ளோ சொன்னா ஓடிட மாட்டானா?"

"ஓட மாட்டாம்மா. நடந்துதான் போவான். தெருமுனையில நின்னு திரும்பிப் பாப்பான். அப்ப நாம டீ குடிச்சிக்கினு இருக்கணும்."

எல்லாரும் குலுங்கிச் சிரித்தார்கள். கேட்பதும், மறுப்பதும், மறுபடி கேட்பதும் அங்கே ஒரு விளையாட்டாக இருந்தது. தோற்றவர் யாரும் கூனிக் குறுகவில்லை, இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் குணசுந்தரிக்கு அதே நினைப்பு. அந்த வீட்டு மாடியும் மார்பிள் தரையும் யாருக்கு வேண்டும்! அந்தச் சிரிப்பு வேண்டும் போல இருந்தது. காசு என்றால் குரலைத் தாழ்த்தாத ஒரு வீட்டில் தானும் பிறந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாள். நினைத்தவுடன் நைனாவின் முகம் ஞாபகம் வந்து, தன்மேலேயே கோபம் வந்தது.

கடைசி வருஷம் அந்த வார்ப்பு ஃபேக்டரிக்காரர்கள் காலேஜுக்கே ஆள் எடுக்க வந்தார்கள். முதலில் ஜுவைரியா உள்ளே போனாள். எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்றார்கள். ஒரு தொகை சொன்னாள். அவர்கள் குறைத்தார்கள், இவள் சிரித்துக்கொண்டே கொஞ்சம் ஏற்றினாள், நடுவில் ஓரிடத்தில் படிந்தது. அடுத்து குணசுந்தரி. அதே நாற்காலி, அதே கேள்வி. கைகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்க பாத்துப் போட்டுக் குடுங்க சார்."

கேட்டவர் மெச்சிக்கொள்கிற மாதிரி தலையாட்டினார். அடக்கமான பெண் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லவும் சொன்னார். பார்த்துத்தான் போட்டார்கள். முதல் மாதச் சம்பளம் ஏறின மெசேஜ் கேன்டீனில் இரண்டு பேர் போனுக்கும் ஒன்றாக வந்தது. "உனக்கும் இதானேடி?" என்று ஜுவைரியா தன் போனை நீட்டினாள். குணசுந்தரி தன் போனைக் கவிழ்த்து வைத்தாள். இவளுக்கு ஏறியிருந்தது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

ஒரு தடவை ஏமாந்தால் ஒரு தடவையோடு போகும் என்பது களத்துக் கணக்கு. கம்பெனிக் கணக்கு அப்படி இல்லை. வருஷா வருஷம் ஏறுகிற சதவீதமெல்லாம் அந்த முதல் சம்பளத்தின் தலையில்தான் ஏறும். ஜுவைரியா கொஞ்ச நாளில் சென்னையில் வேறு கம்பெனிக்குத் தாவி, அங்கிருந்து இன்னொன்றுக்குத் தாவி, எங்கேயோ போய்விட்டாள். குணசுந்தரி அங்கேயே இருந்தாள். ஒவ்வொரு ஏப்ரலிலும் மேனேஜர் கூப்பிட்டு, "ஏதாவது சொல்லணுமாம்மா?" என்பார். "ஒண்ணுமில்ல சார்" என்று வெளியே வந்து, பாத்ரூமில் முகம் கழுவிக்கொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் கண்ணாடியிடம் சொல்வாள். கண்ணாடியிடம் எவ்வளவு அழகாகப் பேசுவாள் தெரியுமா! அது மேனேஜர் காதில் விழுந்திருந்தால் கம்பெனியையே எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

அவளுக்கு இன்னோர் ஆசையும் இருந்தது. அதை ஜுவைரியாவிடம்கூடச் சொன்னதில்லை. வார இறுதியில் போய் எம்.இ. படிக்க வேண்டும். காலேஜில் இவளைவிடக் குறைவாக மார்க் வாங்கினவர்கள் எல்லாம் படித்துவிட்டார்கள். இவள் வாங்குகிற சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவது ரயில் பாஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்குமே சரியாகப் போயிற்று. ஒவ்வொரு வருஷமும் அட்மிஷன் சமயத்தில் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள், மூடிவிடுவாள்.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் ஜுவைரியாவின் போன் வந்தது.

"ஏய் குணா, உன் பஸ் கம்பெனியில ஆள் எடுக்கறாங்கடி! சீனியர் குவாலிட்டி இன்ஜினியர். அங்க எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தர் கீறாரு, உன் பேரைச் சொல்லிட்டேன்."

குணசுந்தரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "நெஜமாவா?"

"நெஜமாதான். ஆனா ஒண்ணு. இந்தத் தடவையும் பாத்துக் குடுங்கன்னு மட்டும் சொன்ன, ஊட்டுக்கே வந்து ஒதைப்பேன். அம்பதாயிரம்னு சொல்லு. அவங்க நாப்பத்தஞ்சுக்கு வருவாங்க, ஒத்துக்கோ."

"அம்பதா! நான் வாங்கறதே இருபத்திரண்டுடி."

"அது உன் வேலைக்குப் போட்ட விலை இல்லடி. உன் வாய்க்குப் போட்ட விலை."

அன்றிலிருந்து சாயங்காலமானால் போனில் ஒத்திகை. ஜுவைரியா குரலைக் கட்டையாக்கிக்கொண்டு ஹெச்.ஆர். ஆகிவிடுவாள். "சொல்லும்மா, எவ்ளோ எதிர்பாக்கற?" குணசுந்தரி, "அம்... அம்..." என்பாள். "இன்னாடி, தொண்டையில மீன் முள்ளு மாட்டிக்கிச்சா?" என்று அவள் சிரிக்க, இவளும் சிரிக்க, நாலைந்து நாளில் வார்த்தை முழுசாக வெளியே வந்துவிட்டது.

இன்டர்வியூவுக்கு முதல் நாள் சாப்பிடும்போது வீட்டில் சொன்னாள். பரசுராமன் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அம்பதா? அம்மாடி! நாமளா வாயத் தொறந்து அவ்ளோ கேட்டா இன்னா நெனப்பாங்க? பேராசக்காரின்னு ஆயிடுமே."

"அவ படிச்ச பொண்ணு. அவளுக்குத் தெரியாததா? நீங்க சும்மா இருங்க" என்றாள் அம்மா சுமலதா.

அவர் கையில் இருந்த சோற்றை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு மனசு கேட்காமல், "கேளும்மா, கேக்க வாணாங்கல. அவங்களுக்கு நோவாம கேளு" என்றார்.

காலை வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குணசுந்தரி வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனாள். அம்பது, அம்பது. எளாவூர் தாண்டும்போது சத்தம் கொஞ்சம் வெளியே வந்துவிட்டது போலிருக்கிறது. கீரைக்கூடையோடு கீழே உட்கார்ந்திருந்த அம்மாள் அண்ணாந்து பார்த்து, "இன்னாம்மா, அம்பது ரூபாயத் தொலைச்சிட்டியா?" என்று கேட்டாள். குணசுந்தரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சகுனம் என்றே எடுத்துக்கொண்டாள்.

இன்டர்வியூவில் பாதி நேரம் தொழில் கேள்விகள். அதில் அவளை அசைக்க முடியவில்லை. கேட்ட இரண்டு இன்ஜினியர்களும் திருப்தியாக எழுந்து போனார்கள். அடுத்த அறையில் ஹெச்.ஆர். மேனேஜர் அருணாச்சலம் இருந்தார். அவர் கடுமையாக இருந்திருந்தால் குணசுந்தரி பிழைத்திருப்பாள். ஜுவைரியாவோடு பழகிய சண்டையெல்லாம் கடுமையான ஆளுக்காகத்தான். இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அவளுக்கு டீ சொன்னார்.

"ஆரம்பாக்கமாம்மா? அப்பா இன்னா பண்றாரு?"

"விவசாயம் சார். சொந்த நெலம்."

"அட! நமக்கும் திருவாலங்காடு பக்கம் நெலம்தாம்மா. எங்க அப்பா கடைசி வரைக்கும் சேத்துலதான் நின்னாரு. இந்த மழையில உங்க நெல்லு தப்பிச்சுதா?"

குணசுந்தரிக்கு மனசு குளிர்ந்துபோனது. இந்த வேலைக்கு வந்த பிறகு எந்த ஆபீஸ் அறையிலும் அவளிடம் யாரும் நெல்லைப் பற்றி விசாரித்ததில்லை. சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. தண்ணீர் நின்றதை, வடிந்ததை, நைனா விடிய விடிய வரப்பை வெட்டிவிட்டதை எல்லாம் சொன்னாள். அவர் உச்சுக்கொட்டிக் கேட்டார். டீ வந்தது. அவள் ஒரு வாய் குடித்ததும் அவர் சாதாரணமாகக் கேட்டார்:

"சரிம்மா. சம்பளம் எவ்ளோ எதிர்பாக்கற?"

அம்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. அதே நேரத்தில் கையில் இருந்த டீ சுட்டது. இவ்வளவு அன்பாக விசாரித்த மனிதரிடம் எடுத்த எடுப்பில் அம்பது என்றால் அவர் முகம் எப்படிப் போகும்? அப்படிப்பட்ட அப்பனுக்கு இப்படி ஒரு மகளா என்று நினைக்க மாட்டாரா? தான் இந்த வகைப் பம்பைத் தொட்டதே இல்லையே, பழகவே கொஞ்ச நாள் பிடிக்குமே, அதற்கும் சேர்த்து அவர்கள் எதற்காகக் கொடுக்க வேண்டும்? அவர் ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு பைசா குறைக்கச் சொல்லவில்லை. கம்பெனிக்காக வாதாடிக் குறைத்ததெல்லாம் குணசுந்தரிதான்.

"முப்பத்தஞ்சு சார்" என்றாள். அதுவும் போதாது என்று, "ஜாஸ்தின்னு தோணிச்சுன்னா நீங்க பாத்துப் போட்டுக்கோங்க" என்றும் சேர்த்தாள்.

அருணாச்சலம் தலையைத் தூக்கி அவளை ஒரு கணம் பார்த்தார். அவருக்கும் ஏதோ சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் சம்பளம் வாங்குவது அவளுக்குச் சொல்லிக்கொடுக்க அல்லவே.

"முப்பத்தஞ்சு. ஓகேம்மா. டன்" என்று கையை நீட்டினார்.

கை குலுக்கி வெளியே வந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலை கிடைத்துவிட்டது! ஷெட்டில் அந்தப் பஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் போய், யாரும் பார்க்காதபோது அந்த ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுக்கூடப் பார்த்தாள். பிறகு வேப்பமர நிழலில் நின்று ஜுவைரியாவுக்குப் போன் போட்டாள்.

"கெடச்சிடுச்சுடி!"

"மாஷா அல்லாஹ்! எனக்குத் தெரியும்டி! எவ்ளோ?"

"முப்பத்தஞ்சு."

"அவ்ளோ கீழ இறக்கிட்டாங்களா? நீ விட்டுட்டியா?" என்றாள் ஜுவைரியா.

"அவங்க இறக்கலடி." குணசுந்தரி வேப்பமரப் பட்டையைச் சுரண்டினாள். "நானே..."

ஜுவைரியா திட்டவில்லை. எதற்கெடுத்தாலும் கழுதை, எருமை என்று அன்பாகத் திட்டுகிறவள் அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"அம்பத்தஞ்சு வரைக்கும் குடுக்கலாம்னு வெச்சிருந்தாங்க குணா" என்றாள் கடைசியில், மெதுவாக. "அதச் சொன்னா நீ பயந்துடுவேன்னுதான் அம்பதுன்னு சொன்னேன்."

அப்போதுதான் குணசுந்தரிக்குக் களம் கண்ணில் வந்தது. காய்ந்த நெல், கையில் அள்ளாத வியாபாரி, முந்திக்கொண்டு ஈரம் கீதுங்க என்கிற நைனா. பழவேற்காட்டுக்கு வந்த ஏஜென்டாவது தெருமுனை வரைக்கும் நடந்து போய்த் திரும்பிப் பார்ப்பார். இந்த அருணாச்சலம் நாற்காலியை விட்டு எழவே இல்லை. எழ வேண்டிய அவசியத்தை அவள் வைக்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தது போய், கேட்கவும் கற்றுக்கொண்டாயிற்று. ஆனால் எவ்வளவு கேட்கலாம் என்கிற அளவு மட்டும் வீட்டிலிருந்து கூடவே வந்து அந்த அறையில் உட்கார்ந்திருந்தது.

"அழுவாதடி" என்றாள் ஜுவைரியா.

"அழல" என்றாள் குணசுந்தரி, அழுதுகொண்டே.

ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் முகத்தைக் கழுவித் துடைத்துச் சரிசெய்துகொண்டாள். தொகையைக் கேட்டதும் பரசுராமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கே போய்விட்டார். பார்த்தவர்களிடமெல்லாம், "நம்ம பொண்ணு முப்பத்தஞ்சு கேட்டாளாம்! மறுபேச்சு பேசாம குடுத்துட்டாங்களாம்!" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அந்த மறுபேச்சு பேசாமல் என்பதில்தான் அவருக்கு அத்தனை பெருமை. சுமலதா சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். குணசுந்தரி சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே மனசுக்குள் கணக்குப் போட்டாள். எம்.இ. அட்மிஷன் பக்கத்தை இந்த வருஷமும் திறந்து பார்த்து மூட வேண்டியதுதான். வீட்டில் ஒரு அறைக்காவது ஓடு மாற்றித் தளம் போட வேண்டியிருந்தது. அது போக முப்பத்தைந்தில் படிப்புக்கு இடமில்லை.

விஷயம் கேட்டு வந்த அக்கம்பக்கத்தார் எல்லாரும் போன பிறகு பரசுராமன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சந்தோஷம் கொஞ்சம் அடங்கி, பழைய பயம் வந்திருந்தது.

"ஏம்மா, ரொம்ப கேட்டுடலியே? அவங்களுக்கு ஒண்ணும் மனசு நோவலியே?"

அம்பத்தைந்து என்கிற வார்த்தை அவளுக்குள் எழுந்து நின்றது. அதைச் சொன்னால் இந்த மனிதர் இத்தனை வருஷம் கழித்துக் கொடுத்த ஒவ்வொரு மூட்டையும் அவர் தலையில் விழும். குனிந்து சந்தோஷப்படுகிற அந்தத் தலையை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

"இல்ல நைனா" என்றாள். "அவங்களுக்குத் துளிகூட நோவல."

புது வேலைக்குப் போகிற முதல் நாள் பரசுராமன் அவளை வழியனுப்ப நெடுஞ்சாலை வரைக்கும் வந்தார். பஸ்ஸில் கூட்டமில்லை. டிரைவருக்குப் பின்னால் அந்த ஜன்னலோர சீட்டு காலியாகவே இருந்தது. குணசுந்தரி உட்கார்ந்தாள். வெள்ளைத் துணி சோப்பு வாசனை அடித்தது. சுடிதாரில் ஒரு கசங்கல் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நைனா துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி உறுமிக் கிளம்பியது. குணசுந்தரி கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, "அம்பது" என்றாள். திக்காமல், தயங்காமல், சிரித்த முகத்தோடு அவ்வளவு சுத்தமாக வந்தது.

வெளியே பரசுராமன், இன்னா சொன்ன என்று கையைத் திருப்பிக் கேட்டார். அவள் ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு, போய்ட்டு வரேன் என்று கையை ஆட்டினாள்.